மூக்குத்தியும் மூடிய சுரங்கமும்

செம்பூர் கடைத்தெருவில் ஓர் அம்மா தன் மகளுக்கு மூக்குத்தி வாங்குகிறாள். சின்ன மூக்குத்தி. எடை ஒரு கிராம்கூட இல்லை.

"தங்கம் எங்கேம்மா கிடைக்குது?" என்று மகள் கேட்கிறாள்.

"மண்ணுக்குள்ளே இருந்துதான்டி வருது" என்கிறாள் அம்மா.

அம்மா சொன்னது சரி. ஆனால் அதை மண்ணுக்குள் இருந்து எடுத்தவர்கள் யார்? எப்படி எடுத்தார்கள்? எடுத்து முடித்த பிறகு அந்த ஊர் என்ன ஆனது? நம் நாட்டில் அப்படி ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் கோலார் தங்கவயல். அங்கே குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்தச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதன் கதையைத் தெரிந்துகொள்வோம்.

தங்கவயல் எங்கே இருக்கிறது?

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரம். தமிழ்நாட்டு எல்லையும் ஆந்திர எல்லையும் பக்கத்திலேயே உள்ளன. பங்காருப்பேட்டை ரயில் நிலையத்தில் இருந்து ஒரு கிளைப் பாதை பிரிந்து போகிறது. அது மாரிக்குப்பத்தில் முடிகிறது. ஊரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் எல்லாம் தங்கவயலின் பகுதிகள்.

'கே.ஜி.எஃப்.' என்ற சினிமா 2018இல் வந்தது. அதனால் இந்த ஊரின் பெயர் பலருக்குத் தெரியும். சினிமாக் கதை வேறு. உண்மைக் கதை வேறு.

பாறையின் வயது

முதலில் பாறையைப் பார்ப்போம். அதற்குச் செம்பூரில் இருந்தே தொடங்கலாம்.

மும்பையில் பல இடங்களில் தோண்டினால் கறுப்புக் கல் வருகிறது. டிராம்பே மலையும் அந்தக் கல்தான். அது ஒரு காலத்தில் நெருப்புக் குழம்பாக இருந்தது. பூமிக்குள் இருந்து பொங்கி வந்து, ஆறி, கல்லாகிவிட்டது. இது நடந்து 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

கோலார் பாறையும் இப்படித்தான் தொடங்கியது. அதுவும் நெருப்புக் குழம்புதான். கடலுக்கு அடியில் பொங்கி ஆறியது. ஆனால் அது நடந்து சுமார் 270 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மும்பைப் பாறையை ஒரு வயதுக் குழந்தை என்று வைத்துக்கொண்டால், கோலார் பாறைக்கு 40 வயது ஆகிறது.

இரண்டும் நெருப்புக் குழம்பில் பிறந்த கல்தான். அப்படியானால் செம்பூர்க் கல்லில் ஏன் தங்கம் இல்லை?

கோலார் பாறை பூமிக்குள் ஆழமாகப் புதைந்தது. அங்கே சூடும் அழுத்தமும் அதிகம். பாறை மடங்கியது, நசுங்கியது, விரிசல் விட்டது. அந்த விரிசல்களின் வழியாக அடியில் இருந்து மிகச் சூடான தண்ணீர் மேலே ஏறி வந்தது. அந்தத் தண்ணீரில் பல பொருள்கள் கரைந்திருந்தன. கொஞ்சம் தங்கமும் கரைந்திருந்தது.

ஆழ்குழாய்த் தண்ணீரைத் தினமும் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படியும். பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் கரைந்திருந்தது பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது. விரிசலுக்குள்ளும் இப்படி நடந்தது. சூடும் அழுத்தமும் குறைந்தபோது கரைந்திருந்தவை படிந்தன. விரிசல் முழுவதும் வெள்ளைக் கல்லாக நிறைந்தது. நம் ஊர்ப்பக்கம் இந்தக் கல்லை வெங்கச்சங்கல் என்பார்கள். குவார்ட்ஸ் என்றும் சொல்வார்கள். அந்த வெள்ளைக் கல்லுக்குள் தங்கம் துகள் துகளாகச் சிக்கிக்கொண்டது.

கறுப்புப் பாறைக்குள் வெள்ளைக் கல் ஒரு நரம்பு போல ஓடுகிறது. கோலாரில் மிகப் பெரிய நரம்பின் பெயர் சாம்பியன். பூமிக்கு மேலே பார்த்தால் அது பல கிலோமீட்டர் நீளம். ஆனால் அகலம் குறைவு. பல இடங்களில் ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கமும் தொட்டுவிடலாம். அந்த நரம்பு சாய்வாகப் பூமிக்குள் இறங்குகிறது. அதைத் தொடர்ந்துகொண்டே மனிதர்களும் இறங்கினார்கள்.

ஒரு பவுனுக்கு எத்தனை மூட்டை?

இங்கே ஒரு கணக்குப் போடலாம்.

கோலாரில் சுமார் 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன். அதற்காக வெட்டி அரைத்த கல் சுமார் 5 கோடி டன். இதைக் கிராம் கணக்காகப் பார்ப்போம். ஒரு டன் கல்லில் சராசரியாக 16 கிராம் தங்கம் கிடைத்திருக்கிறது.

ஒரு பவுன் என்பது 8 கிராம். ஆகவே ஒரு பவுனுக்கு அரை டன் கல் வேண்டும். அரை டன் என்றால் 500 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஒரு பவுன் தங்கத்துக்கு 10 சிமெண்ட் மூட்டை எடையுள்ள கல்லை வெட்டி, மேலே தூக்கி, மாவாக அரைக்க வேண்டும்.

இது சராசரிக் கணக்கு. தொடக்கத்தில் நல்ல கல் கிடைத்தது. கடைசிக் காலத்தில் ஒரு டன்னுக்கு மூன்று நான்கு கிராம் கிடைப்பதே பெரிய காரியம் ஆகிவிட்டது.

முதலில் தோண்டியவர்கள்

வெள்ளைக்காரர்கள் வந்துதான் தங்கத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அந்தப் பகுதி மக்கள் மிகப் பழங்காலத்திலேயே தங்கம் தோண்டினார்கள். பழைய குழிகளில் மரத்துண்டுகள் கிடைத்தன. அவற்றைச் சோதித்தபோது சுமார் 1,500 ஆண்டுப் பழமை தெரிந்தது. இரும்புக் கருவிகளும் நெருப்பும் வைத்தே அவர்கள் பாறையை உடைத்தார்கள். குழியில் தண்ணீர் ஊறியபோது அதற்குமேல் இறங்க முடியவில்லை.

1802இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி நிலம் அளக்க அங்கே வந்தார். மண்ணில் தங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டார். காட்டுபவர்களுக்குப் பரிசு தருவதாகச் சொன்னார். ஊர் மக்கள் அவர் கண்முன்னே மண்ணை அரித்துத் தங்கப் பொடியை எடுத்துக் காட்டினார்கள். வாரன் அதை எழுதி வைத்தார்.

பல ஆண்டுகள் கழித்து லவெல் என்ற ஓய்வுபெற்ற படைவீரர் அதைப் படித்தார். மைசூர் அரசிடம் மனுக் கொடுத்து 1875இல் உரிமம் வாங்கினார். அவரிடம் போதிய பணம் இல்லை. 1880இல் லண்டனில் இருந்து ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. சில ஆண்டுகளில் சாம்பியன் நரம்பு கிடைத்தது. அதன் பிறகு வேலை வேகம் பிடித்தது.

1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. காவிரி ஆற்றில் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்தார்கள். பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது 1905இல்தான். அதற்கு மூன்று ஆண்டு முன்பே தங்கவயலில் இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடின.

குழிக்குள் இறங்கியவர்கள்

வட ஆர்க்காடு, சேலம் பக்கத்தில் இருந்து ஏழை மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பஞ்சம் ஒரு காரணம். ஊரில் சாதிக் கொடுமை இன்னொரு காரணம். வந்தவர்களில் தலித் மக்கள் மிக அதிகம். ஊரில் பண்ணையாரிடம் கைகட்டி நிற்பதைவிடக் குழியில் இறங்கிக் கூலி வாங்குவது மேல் என்று பலர் நினைத்தார்கள்.

ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் தோட்டத்தோடு பங்களா இருந்தது. தொழிலாளர்களுக்குத் தட்டியால் அடைத்த சின்னக் குடிசைகள். அவற்றை வரிசையாகக் கட்டியிருந்தார்கள்.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3.2 கிலோமீட்டர். செம்பூர் ரயில் நிலையத்தில் இருந்து கோவண்டி நிலையத்தையும் தாண்டி நடக்கும் தூரம் அது. அந்தத் தூரத்தை நேராகப் பூமிக்குள் இறக்கி நினைத்துப் பாருங்கள். உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் அது ஒன்று.

ஆழம் போகப் போகச் சூடு ஏறும். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. சுரங்கத்தின் அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். மேலே இருந்து குளிர்ந்த காற்றை இயந்திரம் வைத்து அனுப்பினால்தான் மனிதன் அங்கே நிற்க முடியும்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. மேலே மூன்று கிலோமீட்டர் பாறையின் பாரம் அழுத்துகிறது. உள்ளே கல்லை வெட்டி எடுத்த இடம் வெற்றிடமாக இருக்கிறது. பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். இதற்குப் பாறை வெடிப்பு என்று பெயர். அது நடக்கும்போது மேலே ஊரில் வீடுகள் அதிரும். அதிர்ச்சி வந்தவுடன் பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். எந்தப் பக்கம் நடந்தது, யார் உள்ளே இருந்தார்கள் என்று தெரியும்வரை அங்கேயே நிற்பார்கள்.

கல்லில் இருந்து தங்கம்

மேலே வந்த கல்லை மில்லில் போட்டு மாவாக இடித்தார்கள். தண்ணீர் கலந்து, பாதரசம் பூசிய செம்புத் தகடுகளின் மேல் ஓட விட்டார்கள். பாதரசத்துக்கு ஒரு குணம் உண்டு. அது தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். கல் மாவு போய்விடும். தங்கம் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்துச் சூடுபடுத்தினால் பாதரசம் ஆவியாகப் போகும். தங்கம் மட்டும் மிஞ்சும்.

காய்ச்சல் பார்க்கும் பழைய தெர்மாமீட்டரில் வெள்ளி போல ஏறி இறங்குமே, அதுதான் பாதரசம். அதன் ஆவி விஷம். மூச்சில் போனால் நரம்பையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பாதரசமும் சுரங்கத்தில் இருந்துதான் வருகிறது. சாதிலிங்கம் என்ற சிவப்புக் கல்லைச் சுட்டு அதை எடுப்பார்கள். ஸ்பெயின் நாட்டில் அல்மதேன் என்ற ஊரில் 2,000 ஆண்டுகள் பாதரசம் தோண்டினார்கள். கைதிகளையும் அடிமைகளையும் அங்கே வேலை வாங்கினார்கள். அதுவும் இப்போது மூடிய சுரங்கம்தான்.

தகட்டில் பிடிபடாத தங்கத்தை எடுக்க இன்னொரு வழி வந்தது. மிஞ்சிய கல் மாவைச் சயனைடு கலந்த தண்ணீரில் ஊற வைத்தார்கள். தங்கம் அதில் கரைந்தது. சயனைடும் கொடிய விஷம். தங்கம் எடுத்த பிறகு அந்தக் கல் மாவை ஊர்ப் பக்கத்திலேயே கொட்டினார்கள். கொட்டக் கொட்ட அது மலை போல் வளர்ந்தது.

நெஞ்சில் தங்கிய தூசி

பாறை வெடிப்பில் இறந்தவர்களை எல்லாருக்கும் தெரியும். தூசியால் இறந்தவர்கள் அதைவிட அமைதியாகப் போனார்கள்.

வெங்கச்சங்கல்லைத் துளை போடும்போது மிக நுண்ணிய தூசி பறக்கும். கண்ணுக்குக்கூடத் தெரியாது. அது மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். திரும்பி வராது. உள்ளேயே தங்கிப் புண்ணாக்கும். புண் ஆறிய இடம் தழும்பு போலக் கெட்டியாகிவிடும். நுரையீரல் விரியாது. முதலில் இருமல். பிறகு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு நடந்தாலே மூச்சு வாங்கும். இந்த நோயின் பெயர் சிலிகோசிஸ்.

1940களில் தங்கவயல் தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேருக்கு இந்த நோய் இருந்தது.

சிலிகோசிஸைக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுக்க முடியும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே துளை போட்டால் தூசி பறக்காது. தங்கவயலிலும் பிறகு இந்த முறை வந்தது. அதற்குள் பலருடைய நெஞ்சில் தூசி தங்கிவிட்டது.

கைரேகைக்கு எதிராக

1930இல் தங்கவயலில் ஒரு பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் எல்லாருடைய கைரேகையையும் எடுத்துப் பதிவேடு வைக்கக் கம்பெனிகள் முடிவு செய்தன. அந்தப் பதிவேடு தங்களைக் கட்டிப் போடும் என்று தொழிலாளர்கள் அஞ்சினார்கள். கைரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் குழிக்குள் இறங்கவில்லை.

அன்று அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தாங்கள் ரேகை வைக்கும் காகிதம் யாருக்குப் பயன்படும் என்ற கேள்வியை அவர்கள் கேட்டார்கள்.

மும்பையில் இருந்து வந்தவர்கள்

தங்கவயலுக்கும் மும்பைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் விஞ்ஞானிகள் 1950களில் இருந்து தங்கவயல் சுரங்கத்துக்குள் ஆராய்ச்சி செய்தார்கள்.

வானத்தில் இருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எப்போதும் பூமி மேல் பொழிகின்றன. நியூட்ரினோ என்பது அதில் ஒன்று. அது எதையும் துளைத்துக்கொண்டு போகும். அதைப் பிடிப்பது கடினம். மற்ற துகள்களின் தொந்தரவு இல்லாத இடம் வேண்டும். மேலே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாறை இருந்தால் மற்றவை எல்லாம் வழியிலேயே நின்றுவிடும். 1965இல் இந்த விஞ்ஞானிகளும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து அந்தத் துகளின் தடயத்தைக் கண்டார்கள். வானத்தில் இருந்து வரும் நியூட்ரினோவை உலகில் முதலில் கண்டவர்களில் அவர்களும் உண்டு. தொழிலாளர்கள் வெட்டிய குழி அறிவியலுக்கும் உதவியது.

ஏன் மூடினார்கள்?

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசின் கைக்கு வந்தது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற அரசுக் கம்பெனி தொடங்கியது.

ஆழம் கூடக் கூடச் செலவும் கூடியது. காற்று அனுப்பச் செலவு. தண்ணீர் இறைக்கச் செலவு. கல்லை மூன்று கிலோமீட்டர் தூக்கச் செலவு. ஆனால் கல்லில் இருந்த தங்கம் குறைந்துகொண்டே வந்தது. வரவைவிடச் செலவு பல மடங்கு ஆனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. சுரங்கம் திறக்கவில்லை.

என்ன மிஞ்சியது?

தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் நின்றன. குழிகளில் தண்ணீர் நிரம்பியது. தூக்கு இயந்திரங்கள் துருப்பிடித்தன.

சயனைடு மண்மேடுகள் அப்படியே இருக்கின்றன. அவற்றின் எடை 3 கோடி டன்னுக்கும் மேல். காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது. சோற்றிலும் தண்ணீரிலும் படிகிறது. குழியில் இறங்காத குழந்தைகளும் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள்.

அந்த மேடுகளில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது. அதை எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அரசு ஒப்புதல் கொடுத்தது. அதனால் வேலை வரும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள். மேட்டைக் கிளறினால் தூசி என்ன ஆகும் என்பதையும் அவர்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

தங்கவயலில் மக்கள் இன்னும் வாழ்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் விடியுமுன் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவில்தான் வீடு திரும்புகிறார்கள்.

செம்பூரில் நாம் எதற்கு இதைப் படிக்க வேண்டும்?

செம்பூரில் தங்கச் சுரங்கம் இல்லை. ஆனால் தூசி இருக்கிறது. கட்டட வேலையில் கிரானைட் கல் அறுக்கிறார்கள். டைல்ஸ் வெட்டுகிறார்கள். சுவரைத் துளைக்கிறார்கள். தங்கவயலில் பறந்த அதே வகைத் தூசி இங்கேயும் பறக்கிறது. நம்மில் பலர் அந்த வேலைதான் செய்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை:

கல்லையும் டைல்ஸையும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள். முகத்தில் துணி கட்டினால் மட்டும் போதாது. நுண்ணிய தூசி துணிக்குள் புகுந்துவிடும். தூசியைத் தடுக்கும் நல்ல முகமூடியை முதலாளியிடம் கேளுங்கள்.

தூசி படிந்த வேலை உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். முதலில் உடையை மாற்றிக் கை கால் கழுவுங்கள்.

இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை ஆண்டாகச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சிலிகோசிஸும் காசநோயும் பார்க்க ஒன்று போல இருக்கும். சிலிகோசிஸ் இருப்பவருக்குக் காசநோய் எளிதில் வரும். வேலையைச் சொன்னால்தான் டாக்டர் சரியாகச் சோதிப்பார்.

சிலிகோசிஸ் ஒரு தொழில் நோய் என்று சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வேலையால் அந்த நோய் வந்தால் நட்டஈடு கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்கு வேலை பார்த்த ஆதாரம் வேண்டும். கூலிச் சீட்டு, அடையாள அட்டை எதையும் தூக்கி எறியாதீர்கள். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் முதலில் படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். பிறகு போடுங்கள்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் தெருவில் யாரெல்லாம் தூசியில் வேலை செய்கிறார்கள்? எண்ணி எழுதுங்கள்.

2. ஒரு சுரங்கமோ மில்லோ மூடும்போது தொழிலாளருக்கு என்னென்ன கிடைக்க வேண்டும்? அந்த இடத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பு யாருடையது?

3. உங்கள் வீட்டில் இருக்கும் தங்கம் எத்தனை கிராம்? அதற்கு எத்தனை மூட்டை கல் வெட்டியிருப்பார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.